இன்னிக்கி நடுவுலவன் மொற

எங்கள் வீட்டில் எந்த மிஷினும் ஒரேயடியாக ஓடக் கூடாது. ஃபிரிட்ஜுக்கு மத்தியானத்தில் ஓய்வு உண்டு. கிரைண்டர் பாதி மாவில் நின்று, ஆறி, பிறகுதான் மிச்சத்தை அரைக்கும். டேபிள் ஃபேனின் பின்பக்கத்தில் என் மாமியார் அடிக்கடி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. அவர் மடுகரையில் கழனி மோட்டார் சத்தத்தோடு வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டது பாகூரில், மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலைக் கட்டும் கடைக்காரருக்கு. மாமனார் போன பிறகு கடையை என் கணவர் பார்க்கிறார். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அந்தக் கடையில் அன்றும் இன்றும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "நிறுத்தாம ஓட்டனியா?"

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டு மாதமும் இது ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள், திரும்பக் கூப்பிடாததால் அப்படியே தங்கிவிட்டேன். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. எங்கெங்கோ இருக்கும் கணினிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் நல்லது. சிவப்பானால் உரியவர்களை எழுப்பிவிட வேண்டும். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை என்று என் கணவர் கிண்டல் செய்வார். அதற்கு ராத்திரி குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழும்.

ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் கூட்டத்துக்கு அழைத்து, இந்த வேலை சீக்கிரம் முடியப்போகிறது என்றார். எல்லாமே கன்டெய்னருக்கு மாறுகிறதாம். அதைக் கற்றுக்கொண்டு, செய்தும் காட்டுகிறவர்கள் புதிய குழுவுக்குப் போகலாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். மற்றவர்களுக்குச் சென்னை ஆபீசில் தினமும் நேரில் வந்து பார்க்கும் வேறு வேலை.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அப்ப நீ மெட்ராஸ் போயிடுவியா?"

"பாஸ் பண்ணிட்டா போவ வேணாம் அத்த."

"பாஸ் பண்ணு அப்ப," என்றார், ரேஷன் வாங்கி வா என்பதுபோல.

எனக்கும் மாமியாருக்கும் பெரிய கொஞ்சல் குலாவல் எல்லாம் கிடையாது. டிவி சத்தத்துக்குச் சண்டை போடுவோம், காயை எந்த அளவுக்கு நறுக்குவது என்பதற்கும். கணவர் காலையில் டிபன் கேரியரோடு கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மத்தியானம்தான் கழனிக்காரர்கள் மோட்டாரோடு வரும் நேரம் என்பதால் சாப்பாடும் கடையிலேயே. பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் லேப்டாப்பை மூடி எழுந்து வரும்வரை அவர் தட்டை எடுக்க மாட்டார். "பசிக்கும், நீங்க சாப்பிடுங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் அதே கதைதான். ஒரு தடவை நான் என் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பியபோது அவர் கன்னம் ஒட்டியிருந்தது. விசாரித்ததில், தன் ஒருத்திக்காக இலைபோட்டு உட்காரணுமா என்று பழைய சோற்றை நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொண்டாராம். சில நாள் அதுவும் இல்லை. நான் சென்னைக்குப் போனால் இவர் மத்தியானம் சாப்பிட மாட்டார். எனக்கிருந்த பயம் அவ்வளவுதான். வேலை, சம்பளம், முன்னேற்றம் எல்லாம் அதற்குப் பிறகு.

கன்டெய்னரை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், அந்த மூட்டையை எந்தக் கணினியில் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம். அது கன்டெய்னர். இப்படி நூறு மூட்டைகளைப் பல கணினிகளில் பிரித்துப் போட்டு, எது எங்கே ஓடுகிறது என்று கவனித்து, ஒரு கணினி விழுந்தால் அதிலிருந்ததை இன்னொன்றில் எழுப்பிவிட ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரிக்கு வாயில் நுழையாத கிரேக்கப் பெயர். வீடியோக்களில் ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள், குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பார்த்தால் மட்டும் வராது, மூன்று பழைய கணினியை வாங்கி வீட்டிலேயே இணைத்துப் பார் என்று கூட வேலை செய்யும் பெண் சொன்னாள். வில்லியனூரில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் பாய் கடைக்குப் போனேன். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட சின்னப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"மூணா? கம்ப்யூட்டர் சென்டர் எதுனா வெக்கறியாமா?" என்றார் பாய்.

"இல்ல பாய், மூணையும் சேத்து ஒண்ணா ஆக்கணும்."

அவர் என்னையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுதான் வேணும்னா நல்லதா ஒண்ணு தரனே. எதுக்கு மூணு பழசு?"

நியாயமான கேள்விதான். மூன்று பெட்டியும் எங்கள் கடை லோடு ஆட்டோவில், காயில் கட்டி முடித்த மோட்டார்களோடு பாகூருக்கு வந்து சேர்ந்தன. ஒன்று பெரியது, ஒன்று அதைவிடச் சின்னது, ஒன்று அகராதி அளவு. மாமியார் பார்த்ததும் "பெரியவன், நடுவுலவன், சின்னவன்" என்று பெயர் வைத்துவிட்டார். நானும் கணினிகளுக்குள் அதே பெயர்களைப் பதிந்துகொண்டேன்.

ஃபேன் இரைச்சல் முன்ரூமுக்கு வராமல் இருக்க, பெட்டிகளை உள்ளே சாமான் ரூமில் மரப் பெஞ்சில் வைத்தேன். கணவர் மூன்று சுவிட்சுள்ள பலகை ஒன்று செய்து மாட்டினார், ஒருவனுக்கு ஒரு சுவிட்ச். எங்கள் பக்கம் கரண்ட் வரும், போகும். அதனால் கரண்ட் வந்ததும் தானே விழித்துக்கொள்ளும்படி மூன்றையும் பழக்கிவிட்டேன். நான் முன்ரூமில் லேப்டாப்பிலிருந்தே மூன்றையும் ஓட்டுவேன்.

ஓட்டுவேன் என்று சொல்வது தற்பெருமை. அந்த மேஸ்திரிக்கு நாம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லக் கூடாதாம். கடைசியில் எப்படி இருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால், அங்கே எப்படிப் போய்ச் சேர்வதென்று அதுவே பார்த்துக்கொள்ளுமாம். இது தெரியாமல், பழகுவதற்காக எழுப்பிய மூட்டை ஒன்றை அழித்தேன். உடனே வேறொரு பெயரில் புதிதாக ஒன்று வந்து நின்றது. அதையும் அழித்தேன், இன்னொன்று வந்தது. ஒரு முற்பகல் முழுவதும் நான் அழிக்க, அது எழுப்ப, கடைசியில் நான்தான் களைத்துப்போனேன். 'ஒன்று இருக்க வேண்டும்' என்று நானே எழுதிக் கொடுத்த ஆசையை மாற்றாதவரை அது எழுப்பிக்கொண்டேதான் இருக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாதான் பண்ணுது அது மூணும்?"

"மூணு பேரும் சேந்து ஒரே வேலைய பாக்கறாங்க அத்த. ஒருத்தன் படுத்துட்டா மத்த ரெண்டு பேரும் அவன் வேலையயும் சேத்துப் பாத்துப்பாங்க. வேல நிக்கவே நிக்காது."

"பரவால்லியே," என்றார். "நல்ல பசங்கதான்."

நான் பெருமையோடு திரும்பி உட்கார்ந்தேன். பாகூரில் ஒருவருக்காவது விளக்கத் தெரிந்துவிட்டது என்று நினைப்பு.

அந்த வாரமே பெரியவன் மத்தியானத்தில் காணாமல் போனான். சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தால் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு. ஆபீஸ் மீட்டிங் நடந்துகொண்டிருந்ததால் எழுந்து போகவும் முடியவில்லை. மீட்டிங் முடிந்து சாமான் ரூமுக்குப் போனேன். அவன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தான். திரையிலும் பச்சை. கரண்ட் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, கரண்ட் போனால் மூன்றும் அல்லவா போக வேண்டும்.

மறுநாள் நடுவுலவன். அதற்கு மறுநாள் சின்னவன். திரும்பவும் பெரியவன். கோளாறு என்றால் கண்டபடி வர வேண்டும், இது வரிசைப்படி வந்தது. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. ஒவ்வொருவனும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனான், ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுத் திரும்பினான். பெட்டிகள் தாங்களே எழுதிவைக்கும் குறிப்புகளைப் புரட்டினேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டது மாதிரி, எல்லாம் சட்டென்று நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூவரும் காலையிலிருந்து ராத்திரிவரை பச்சை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் மடுகரைக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்காமல், ஞாயிறு ஆபீஸ் வேலை இல்லாததால் நெட்டில் கூட்டம் குறைவு என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

திரும்பி வந்தவனுக்கு யாரும் வேலை கொடுக்காதது இன்னொரு குழப்பம். அவன் இல்லாத நேரத்தில் மேஸ்திரி மூட்டைகளை மற்ற இருவர் தலையில் ஏற்றிவிடும். வந்த பிறகு இறக்கிக் கொடுக்காது. லீவு முடிந்து ஆபீசுக்கு வந்தவனுக்கு நாற்காலி இல்லாத மாதிரி ஒருவன் சும்மாவே நிற்பான். இது நான் செய்த தப்பா, அதன் சுபாவமே அதுவா என்று தெரியாமல் ஒரு வாரத்துக்கு அதையும் தோண்டினேன். அதன் சுபாவமேதான்.

கழனி மோட்டார்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் விடும்போது வோல்டேஜ் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட்டேன். கணவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எலியாக இருக்கும் என்று ஒயர்களைச் சோதித்தேன். சுவிட்சுப் பலகையைக் கழற்றிப் புதுசு மாட்டச் சொன்னேன், அதிலும் அதே வரிசை. கடைசியில் பெரியவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வில்லியனூருக்கே போய், பாயிடம் சண்டைக்கு நின்றேன். அவர் திறந்து ஊதி, துடைத்து, சாயந்திரம்வரை ஓடவிட்டுக் காட்டினார்.

"பொட்டில ஒண்ணும் இல்லமா. இங்க நல்லா ஓடுது, அங்க நிக்குதுன்னா ஒங்க வூட்லதான் எதுவோ கீது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் வீட்டில் என்ன இருக்கும், மோட்டார் கடைக்காரன் வீட்டில் வயரிங் சரியில்லை என்கிறாரா என்று திட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மாமியாரிடமும் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. "அத்த, மத்தியானம் கரண்டு போச்சா?"

"இல்லியே. டிவி ஓடிக்கினுதான இருந்துது."

அவர் சொன்னது சத்தியமான உண்மை. கேட்டதில்தான் கோளாறு.

செய்துகாட்ட வேண்டிய நாள் வந்தது. மதியத்துக்கு மேல் வீடியோ காலில், புதிய குழுவின் தலைவருக்கு. எனக்கு வேறு வழியில்லை, கோளாறைக் கண்டுபிடிக்காமலேதான் போய் உட்கார்ந்தேன். ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. தினமும் ஒருவன் போகிறான், ஒருநாளும் என் இணையப் பக்கம் விழுந்ததில்லை. நான் ஓடவிட்டிருந்தது ஒரே ஒரு வரிப் பக்கம்: வணக்கம் சொல்லி, இப்போது பதில் சொல்வது யார் என்று பெரியவன் நடுவுலவன் சின்னவன் பெயரில் ஒன்றைக் காட்டும். அன்று மாமியாரைச் சீக்கிரமே சாப்பிடச் சொல்லியிருந்தேன். "நீ முடி, நான் அப்பறம் சாப்புட்டுக்கறன்" என்று சொன்னவரைப் பிடித்து உட்கார வைத்து, கூட நானும் அள்ளிப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் எழுந்தேன்.

தலைவர் நல்ல மாதிரி ஆள். சின்ன வயது, பொறுமையான குரல். பக்கத்தைப் பார்த்தார், அமைப்பைக் கேட்டார். "சரிங்க, இப்ப ஒரு மிஷினை நிறுத்திக் காட்டுங்க."

சாமான் ரூமுக்குப் போய் பெரியவனின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். பெரியவன் சிவப்பானான். பக்கம் அசையவில்லை. வணக்கம், பதில் சொல்வது நடுவுலவன். தலைவர் தலையாட்டினார். மூன்று எதற்கு, இரண்டு போதாதா என்று கேட்டார். மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் செல்லும், ஒற்றை ஆள் தனியாக இருந்தால் முடிவெடுக்காமல் நின்றுவிடும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக என் வாயிலிருந்து வந்தது எனக்கே விளங்கியது.

"குட். பேஜை இன்னொரு தடவ ரிஃப்ரெஷ் பண்ணுங்க."

பண்ணினேன். வெள்ளையாக நின்றது. மறுபடி பண்ணினேன். ஒன்றும் இல்லை. மேஸ்திரியிடம் நிலவரம் கேட்டேன். அதுவும் பதில் சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

மாமியார் பெஞ்சுக்கு முன்னால் நின்றிருந்தார். சாப்பிட்ட கையைக் கழுவி முந்தானையில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு கை நடுவுலவனின் தலைமேல் இருந்தது. பெரியவனின் சுவிட்ச் போட்டிருந்தது. நடுவுலவனின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"பெரியவன நீ நிறுத்திட்டியாமா? நேத்துதான அவன் ரெஸ்ட் எடுத்தான். இன்னிக்கி நடுவுலவன் மொற," என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாமும் புரிந்தது, ஒன்றுமே புரியவும் இல்லை. பெரியவன் இன்னும் கண் விழிக்கவில்லை, நடுவுலவன் போய்விட்டான், சின்னவன் ஒற்றை ஆளாக வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். நாலைந்து நிமிடத்தில் பெரியவன் எழுந்து, இருவராகி, எல்லாம் தானே சரியாகியிருக்கும். நான்தான் பதற்றத்தில் மூன்று சுவிட்சையும் அணைத்து மூன்றையும் போட்டேன். முன்ரூமுக்குத் திரும்பியபோது திரை முழுக்கச் சிவப்பு.

"என்ன ஆச்சு?" என்றார் தலைவர்.

என் மாமியார் சாப்பிட்டுவிட்டு ஒரு கணினிக்கு ஓய்வு கொடுத்தார் என்பதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது? "பவர் பிராப்ளம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த ஆள் லைனில் இருப்பதாகச் சொல்லி, "பரவாயில்ல, பார்த்தவரைக்கும் போதும்," என்றார். அந்த மரியாதையிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

அடக்க முடியாத கோபத்தோடு உள்ளே போனேன். "யாரு அத்த ஒங்கள நிறுத்தச் சொன்னது? தெனிக்கும் நீங்கதான் நிறுத்துனீங்களா?"

"ஆமா," என்றார், ஃபிரிட்ஜை நிறுத்துவதை ஒப்புக்கொள்வது போல. "காலீலேர்ந்து ஓடிக்கினே கீது. தொட்டா கொதிக்குது. நீதான சொன்ன, ஒருத்தன் படுத்தா மத்த ரெண்டு பேரும் பாத்துப்பாங்கன்னு. அதான் ஆளுக்கு ஒரு நாளா நிறுத்தறன்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"இதெல்லாமா வந்து சொல்லுவாங்க? நீ படிச்சிக்கினு இருக்க." பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "காயில் போயிட்டா நீ மெட்ராஸ் போவணுமே. அதான் போவாம பாத்துக்கினன்."

எனக்கு அழுகை வந்தது, கோபம் போகவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னும் சின்னவனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வானவர்கள் பட்டியலில் நான் இல்லை. அடுத்த சுற்று எப்போதாவது வரும், தயாராக இருங்கள் என்றார்கள். அன்று என்ன நடந்தது என்று மாமியார் கேட்டபோது, எனக்குப் பதில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றேன். உண்மையைச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று யோசித்து விழுங்கிவிட்டேன். அவர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"சூடுதான்மா. அன்னிக்கி நான் இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்து நிறுத்தியிருக்கணும்."

சென்னைக்குக் கிளம்பும்போது பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஹாஸ்டலில் வைக்க விடமாட்டார்கள், அடுத்த சுற்றுக்குப் படிக்கவும் வேண்டும். வெளியூரிலிருந்து போனிலேயே மூவரையும் பார்க்க ஒரு வழி செய்துகொண்டேன். இனிமேல் நிறுத்த வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லத்தான் இருந்தேன். பஸ் வந்துவிட்டது, சொல்லவில்லை.

முதல் நாள் ஆபீசில் மத்தியானம் போனைத் திறந்தேன். மூன்றும் பச்சை. பார்த்துக்கொண்டே இருந்தபோது சின்னவன் சிவப்பானான். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அதற்குப் பிறகுதான், அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. மறுநாள் பெரியவன். அடுத்த நாள் நடுவுலவன். அதன்பிறகு தினமும் அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்து, அது வந்ததும் நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். வீட்டுக்குப் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "சாப்ட்டாச்சி" என்றுதான் எப்போதும் சொல்வார், அதை நம்ப முடியாது. பெட்டிகள் பொய் சொல்லாது என்று நான் நம்பினேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் மூன்றும் பச்சையாகவே இருந்தன. பக்கத்து நாற்காலிக்காரிகள் சாப்பிட்டு முடித்து எழுந்துவிட்டார்கள். அப்போதும் பச்சை. என் தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கணவருக்கு அடிக்கலாம் என்று எண்ணைத் தேடும்போது மாமியாரே திருப்பிக் கூப்பிட்டார்.

"இன்னாமா, இந்நேரத்துல?"

"ஏன் அத்த இன்னிக்கி யாரையும் நிறுத்தல?"

"மழ வுடாம பேயுது. தொட்டுப் பாத்தன், மூணு பேரும் சில்லுன்னு கீறாங்க. ஓடட்டும்னு வுட்டுட்டன்." பிறகு, "அங்கேர்ந்து ஒனக்குத் தெரியுதா இதெல்லாம்?" என்றார்.

"தெரியும்."

"தெனிக்குமா?"

"தெனிக்கும். ஒருத்தன் நின்னா நீங்க சாப்ட்டீங்கன்னு தெரிஞ்சிக்குவன்."

அவர் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"சாப்புடாம வந்து நிறுத்தினாலும் அப்படித்தான் தெரியுமா?"

"அதுக்கும் அப்படித்தான் தெரியும் அத்த."

"ம்," என்றார். செருப்புச் சத்தம் உள்ளே போனது. சுவிட்ச் தட்டும் ஒலி எனக்குக் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சற்றுப் பொறுத்து நடுவுலவன் சிவப்பானான், அவர் சாப்பிட்டாரா என்பதுதான் அதில் தெரியவில்லை.

டிபன் பாக்ஸைத் திறந்து, திரும்ப மூடிவைத்தேன். கடைக்குப் போன் செய்து, இனிமேல் மத்தியானம் எத்தனை மோட்டார் வந்து நின்றாலும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும்படி கணவரிடம் சொன்னேன்.